எட்டாத ஆளி

ஆளி என்னுஞ் சொல் பழந்தமிழ் நூல்களிற் சிங்கத்தையும், யானையையே வீழ்த்த வல்லதெனப் புலவர் புனைந்த யாளியையும் குறித்து வந்தது. ஆள்பவன் என்னும் பொருளும் அதற்குண்டு. இன்று நம் பாடநூல்கள் அச்சொல்லை மின்னோட்டத்தைத் திறந்து அடைக்கும் பொறிக்கும், கணினி வலையமைப்பிலே பல கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிக்கும் பெயராக்கியுள்ளன. பின்னையதையே பலரும் 'சுவிட்ச்' என வழங்குகின்றனர். பலரை இணைத்தாளும் இவ்வாளியைத் தொலைவிலிருந்து ஆள முயல்வோர், சில வேளைகளில் அதனை எட்டவே இயலாது திகைப்பர். அத்திகைப்பின் காரணங்களையும், அவற்றை ஆராயும் முறையையும், மலைநாட்டுத் தோட்டங்களில் அஃது எத்துணை இடர் விளைக்கும் என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஆளியின் இயல்பு. ஒரு காரியாலயத்துக் கணினிகள் யாவும் தனித்தனி வடங்களால் ஆளியின் துறைகளிற் பொருத்தப்படும். ஒவ்வொரு கணினியின் வலையட்டைக்கும் 48 பிட்டுக்களாலான அடையாள எண் ஒன்று உண்டு. எந்தத் துறையிலிருந்து எந்த அடையாளம் பேசிற்று என்பதை ஆளி கேட்டு நினைவிற் பதித்துக்கொள்ளும்; பின்னர் அவ்வடையாளத்துக்கு வருஞ் செய்தியை அத்துறைக்கே அனுப்பும். இத்தொழிலுக்கு ஆளிக்கென ஓர் ஐ.பி. முகவரி வேண்டியதில்லை. விலை குறைந்த ஆளிகள் முகவரியின்றியே காலங் கழிக்கின்றன. முகாமைக்குரிய ஆளிகளோ, இத்தொழிலுக்குப் புறம்பாக, உள்ளே சிறு கணினியொன்றையும் கொண்டுள்ளன. அதற்கு முகவரியும் கடவுச்சொல்லும் உண்டு. கொழும்பிலிருப்பவர் அதனோடு பேசித் துறைகளைத் திறக்கவும் மூடவும் பிரிக்கவும் வல்லவராவர். ஆகவே ஓர் ஆளிக்குள் இருவர் வாழ்கின்றனர் எனக் கொள்ளுதல் தகும். ஒருவர் பிறர் செய்தியைக் கைமாற்றுபவர். மற்றவர் நம்மோடு பேசுபவர். முன்னவர் நலமாயிருக்கப் பின்னவர் ஊமையாதல் கூடும். இவ்விரட்டைத் தன்மையை உணராதார் ஆராய்ச்சியில் இறங்கின் பாதிப் பொழுது வீணே கழியும்.

மலைநாட்டில் இவ்விடயம் முதன்மை பெறுதற்குக் காரணமுண்டு. 1992ஆம் ஆண்டு, அரசுடைமையாயிருந்த தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றின் தலைமையகங்கள் பெரும்பாலும் கொழும்பிலும் அதன் சூழலிலுமே உள்ளன. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமும், கொள்ளைநோய் பரவிய 2020 ஏப்ரல் மாதத்தில், கூவி விற்கும் முறையினின்று நீங்கி இணையவழி நடைபெறலாயிற்று. பெரட்டுக்களத்திற் பேர் பதிந்து, நிறுத்த கொழுந்தைக் கணக்கப்பிள்ளை ஏட்டிற் குறித்த காலம் மாறி, நிறையும் சம்பளக் கணக்கும் கணினியேறிய தோட்டங்களில், ஆளியொன்று பழுதுற்றால் அதன் விளைவு சம்பள நாள்வரை நீளும். தோட்டப்புறப் பாடசாலையின் கணினிக் கூடத்திலாயின், பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவரின் வாரமொன்று போய்விடும். பழுது திருத்துவோர் இருப்பதோ கொழும்பில். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக வளைந்தேறி ஹற்றனை அடைந்தபின், அங்கிருந்து தோட்டப் பாதையில் மேலும் செல்லல் வேண்டும். இருபது எழுத்துள்ள ஒரு கட்டளையைத் தட்டுதற்காக ஒரு நாட் பயணம்! மழைக்காலத்தில் அப்பயணமும் உறுதியன்று. இதனாலேயே தொலைமுகாமை மலைநாட்டில் வசதிக்குரியதாக மட்டுமன்றித் தேவைக்குரியதாகவும் உள்ளது.

ஆயினும் தொலைமுகாமையில் இயல்பாகவே ஒரு குறை பொதிந்துள்ளது. அதனை விளக்க மலையகத்துப் புகையிரதப் பாதையே நல்ல எடுத்துக்காட்டாகும். இப்பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் வண்டிகள் மோதாதிருக்க 'டேப்லட்' எனப்படும் வட்டத் தகட்டு முறை இங்கே வழங்கிவந்துள்ளது. ஒரு நிலையத்தார் பொறியினின்று தகட்டை எடுக்க, அடுத்த நிலையத்தார் மின்குறியால் இசைவு தருதல் வேண்டும். தகடு கையிலில்லாத சாரதி வண்டியைச் செலுத்தார். இசைவைச் சுமக்கும் கம்பி தண்டவாளத்தின் ஓரத்திலேயே கம்பங்களில் ஓடுவது. மலை சரிந்து தண்டவாளத்தை மூடும்போது கம்பங்களும் உடன் சாயும். பாதை கெட்டதென்று அறிவிக்க வேண்டிய கம்பியே பாதையோடு கெடுவதென்றால், அவ்வறிவிப்பு எவ்வழி வரும்? தோட்டத்து ஆளியின் நிலையும் இதுவே. அதனை ஆளுங் கட்டளை, அது சுமக்குஞ் செய்திகள் செல்லும் அதே வடத்தின்வழியே செல்கின்றது. இதனை உட்பாதை முகாமை என்றும், வேறு வழியொன்றை அமைத்துக்கொள்வதைப் புறப்பாதை முகாமை என்றும் வழங்கலாம்.

இனி, ஆளி எட்டாதபோது ஆராயும் முறை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் கற்பனை செய்வோம். தோட்டத்தார் அதனை 'ஸ்டோர்' என்பர். அங்குள்ள ஆளியின் முகவரி 192.168.20.5, அவ்வலையின் வாயிலாகிய வழிப்படுத்தியின் முகவரி 192.168.20.1, கொழும்பிலுள்ள அலுவலரின் கணினி 192.168.10.30. அலுவலர் ஆளியை அழைக்கின்றார்; விடையில்லை. அவர் உடனே ஆளியின்மேற் பழி சுமத்துதல் தகாது. ஸ்டோரிலுள்ளார்க்குத் தொலைபேசியில் அழைத்து, அங்குள்ள கணினிகள் வேலை செய்கின்றனவா என்று கேட்டல் வேண்டும். அவை கொழும்போடு வழக்கம்போல் தொடர்பு கொள்கின்றன எனின், வடமும் வழிப்படுத்தியும் ஆளியின் கைமாற்றுந் தொழிலும் நலமாயுள்ளன. நம்மோடு பேசுபவரே ஊமை. எல்லாம் நின்றுவிட்டன எனின், ஆராய்ச்சி மின்சாரத்திலிருந்தும் வடத்திலிருந்தும் தொடங்கும். இவ்வொரு வினா பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மற்றொரு வினாவும் உண்டு: அண்மையில் மின்சாரம் தடைப்பட்டதா? இடியும் மின்னலும் மிக்க மலைப்புறத்தில் இவ்வினா எப்பொழுதும் பொருத்தமுடையது. முகாமைக்குரிய ஆளிகள் பலவற்றில் அலுவலர் இடுங் கட்டளை உடனே நடைமுறைக்கு வரும். எனினும், அதனைச் சேமிக்குமாறு தனியே பணித்தாலன்றி நிலையான நினைவில் அது பதியாது. சேமிக்க மறந்த ஆளி எட்டு மாதம் செம்மையாக இயங்கி, ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முகவரியை மறந்த அவ்வாளியிற் பழுதொன்றுமில்லை. அதற்குச் சொல்லப்பட்டது எழுதிவைக்கப்படவில்லை, அவ்வளவே.

கணினிகள் இயங்க, ஆளி மட்டும் எட்டாதிருக்கும் நிலையே நுணுகி நோக்கத்தக்கது. இங்குப் 'பிங்' என்னுஞ் சிறு கருவி துணைபுரியும். 1983இல் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் இதனை எழுதினார். நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பதுபோல், இது முகவரியொன்றுக்குச் சிறு செய்தி அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கும். கொழும்பிலிருந்து பிங் செய்யின் விடையில்லை. ஸ்டோரிலுள்ள கணினியொன்றிலிருந்தோ வழிப்படுத்தியிலிருந்தோ பிங் செய்யின் விடையுண்டு. அருகிருப்பார்க்கு விடையளிக்கும் ஆளி தொலைவிலிருப்பார்க்கு விடையளியாதது ஏன்?

பெரும்பாலும் காரணம், ஆளிக்கு வாயில் சொல்லப்படாமையே. இது புதியோரை மிகவும் மயக்குவது. பிறர் செய்திகள் யாவும் அவ்வாளியின் வழியாக வாயிலை அடைந்து கொழும்பு செல்லும்போது, ஆளி மட்டும் வாயிலை அறியாதிருக்குமா என வினவுவர். அறியாதிருக்கும். முற்காலத்தில் தோட்டக் காரியாலயத்துத் தபாற்பையைத் தூக்கிச் சென்றவரை நினைக்க. ஊரார் கடிதமெல்லாம் பையில் வைத்துத் தபாற்கந்தோரிற் சேர்ப்பார். தமக்கு வந்த கடிதத்துக்கு மறுமொழி எழுதவேண்டின், அதனையும் அப்பையில் இடலாம் என்று அவர்க்கு யாரேனும் சொல்லியிருத்தல் வேண்டும். கொழும்பிலிருந்து வந்த வினா ஆளியை அடைகின்றது. ஆளி விடையையும் ஆயத்தஞ் செய்கின்றது. அவ்விடையை எவரிடம் ஒப்படைப்பது என்பதை அறியாது கைவிடுகின்றது. வினவியவர்க்கோ வினாவே சென்று சேரவில்லை என்பதுபோல் தோன்றும். போகும் வழியை ஆயிரமுறை சோதிப்போர் திரும்பும் வழியை ஒருமுறையேனும் நினைப்பதில்லை.

இதற்கு உறவான பழுது, வலை மறைப்பெண் பிழையாதல். ஆளியில் 255.255.255.0 என்று இடவேண்டியவிடத்து 255.255.0.0 என்று இட்டால், 192.168 என்று தொடங்கும் எம்முகவரியையும் அது தன் அயலென்றே கருதும். 192.168.10.30 என்னும் கொழும்புக் கணினியை ஸ்டோருக்குள்ளேயே பெயர் சொல்லிக் கூவும், விடை வாராது. சில வழிப்படுத்திகள் அயலார்க்காகத் தாமே குரல் கொடுத்து இப்பிழையை ஆண்டுக்கணக்கில் மறைத்துவிடுவதும் உண்டு. வழிப்படுத்தியைப் புதிதாக மாற்றிய நாளிற் பழுது வெளிப்பட, எல்லாரும் புதிய வழிப்படுத்தியையே ஏசுவர்.

விட்டு விட்டு எட்டும் ஆளியாயின், வேறு கருவியொன்றும் அதே முகவரியைக் கைக்கொண்டுள்ளதோ என ஐயுறுக. புதிதாக வந்த அச்சுப்பொறியே பல முறை அதற்குக் காரணமாகும். 'வீலான்' எனப்படும் மெய்நிகர்ப் பிரிவுகளும் கருதத்தக்கவை. ஓர் ஆளியைப் பல ஆளிகள்போல் பிரித்து, கணக்குக்கு ஒன்றும் முகாமைக்கு ஒன்றுமாக வழங்குதல் நல்வழக்கம். முகாமைப் பிரிவை நடுவடத்தில் அனுமதிக்க மறந்தால், கணக்குச் செய்தி செல்லும்; முகாமைச் செய்தி செல்லாது. அப்பிரிவுக்குரிய துறையொன்றேனும் உயிரோடு இல்லையெனின், ஆளி அப்பிரிவின் முகவரியையே உறங்கவைத்துவிடுவதும் உண்டு.

பிங் விடையளித்தும் உள்ளே புக இயலாதபோது ஆராய்ச்சி வேறு நிலத்துக்கு மாறும். அப்பொழுது கணினி காட்டும் அறிவிப்பை ஊன்றிப் படித்தல் வேண்டும். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்பதும், 'நேரங் கடந்தது' என்பதும் ஒன்றல்ல. முன்னது, வீட்டுக்காரர் வந்து கதவில்லை என்று சொல்லியனுப்பியது போன்றது. ஆளி இருக்கின்றது, நாம் கேட்ட சேவை அங்கே தொடங்கப்படவில்லை. பின்னது, படலையிலேயே காவலர் வாய்திறவாது தடுத்தது போன்றது. இடையில் ஏதோ வடிகட்டி, குறித்த முகவரிகளையன்றிப் பிறவற்றை விடாதிருக்கின்றது. கொழும்புக் காரியாலயம் இடம்மாறிப் புதிய முகவரி பெற்றபின், பழைய முகவரியையே நம்பும் வடிகட்டியால் தலைமையகமே வெளியே நிறுத்தப்படுதல் நேரக்கூடியதே.

சேவை என்றது டெல்நெட்டையும் எஸ்.எஸ்.எச். என்பதையும். டெல்நெட்டின் வரையறை 1983இல் வெளியாயிற்று. அது கடவுச்சொல்லையும் வெளிப்படையாகவே வடத்தில் அனுப்பும். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையிற் கடவுச்சொற்கள் களவாடப்பட்டமையால், அங்கிருந்த டாட்டு யுலோனன் 1995இல் எஸ்.எஸ்.எச். முறையை ஆக்கினார். டெல்நெட்டின் 23ஆம் வாயிலுக்கும் கோப்புப் பரிமாற்றத்தின் 21ஆம் வாயிலுக்கும் இடையில் வெற்றாகக் கிடந்த 22 அதற்குக் கிடைத்தது. பாதுகாப்பு மிகுந்தமையால் வழக்கும் மிகுந்தது: மறைக்குறி திறவுகோல்களை ஆளியில் முதலில் ஆக்கிக்கொள்ளாவிடின் இச்சேவை தொடங்காது. ஆண்டுகள் செல்லச் செல்ல இன்னொரு சிக்கலும் முளைத்தது. பழைய மறைக்குறி முறைகள் வலுவற்றவையெனக் கண்டு, புதிய மென்பொருள்கள் அவற்றை ஒதுக்குகின்றன. 2021 செப்டெம்பரில் வெளியான ஓப்பன் எஸ்.எஸ்.எச். 8.8, ஷா-1 வழிப்பட்ட பழைய ஆர்.எஸ்.ஏ. கையொப்பத்தைத் தானாக ஏற்பதில்லை. மலையில் யாரும் ஒன்றையும் தொடவில்லை. கொழும்பில் ஒருவர் தம் கணினியைப் புதுப்பித்தார். மறுநாள் ஆளி எட்டவில்லை. பழுதை அங்கே தேடுவார் ஒருபோதும் காணார்.

இன்னொரு பழுது மலைநாட்டுக்குப் பொருந்துவது. சிஸ்கோ நிறுவனத்து ஆளிகள் பலவற்றில் ஒரே வேளையில் 16 தொலை அமர்வுகளே இடம்பெறும். வேலை செய்யாத அமர்வு 10 நிமிடத்தில் தானே மூடப்படுவது வழக்கம். அது தொல்லையெனக் கருதி அவ்வெல்லையை நீக்கிவிடுவாரும் உளர். தொடர்பு அடிக்கடி அறுபடும் இடத்தில், அறுந்த ஒவ்வோர் அமர்வும் ஆளற்ற நாற்காலியில் துண்டு போட்டதுபோல் இடத்தைப் பிடித்திருக்கும். பதினாறும் நிரம்பியபின் உரியவர்க்கே இடமில்லை.

பழுதுகளுட் பெரும்பகுதி திருத்துவோர் கையாலேயே விளைவது. தொலைவிலிருந்து ஆளியின் முகவரியையோ நடுவடத்துறையையோ மாற்றுவார், தாம் அமர்ந்த கிளையைத் தாமே வெட்டுவார். பொறிகளைச் செய்தோர் இதனையறிந்து காப்பும் அமைத்துள்ளனர். சிஸ்கோ ஆளியிற் கட்டளை இடுமுன்னர், பத்து நிமிடத்தின் பின் மீளத் தொடங்குக என்று பணித்துவிடலாம். மாற்றம் வாய்த்தால் அப்பணிப்பை நீக்கிவிடலாம்; வாயாது வெளியே தள்ளப்பட்டால், பத்து நிமிடத்தில் ஆளி மீளத் தொடங்கிச் சேமித்த பழைய நிலையையே மேற்கொள்ளும். மாற்றத்தை முந்திச் சேமித்துவிட்டாற் காப்பும் பயனற்றதாகும். ஜூனிப்பர் நிறுவனத்துப் பொறிகள் இன்னும் நயமானவை. மாற்றத்தை நடைமுறைப்படுத்தியவர் குறித்த நேரத்துள் மறுமுறை உறுதிகூறாவிடின் மீளத் தொடங்காமலே பழைய நிலைக்குத் திரும்பும். குறித்து உரையாவிடின் அந்நேரமும் 10 நிமிடமே. இவ்வசதியைப் பயன்படுத்தாது மலைநாட்டு ஆளியில் கைவைத்தல் துணிவன்று, பொறுப்பின்மை.

உட்பாதையை மட்டும் நம்பியதால் உலகப் பெருநிறுவனங்களும் இடருற்றன. 2021 ஒக்டோபர் 4ஆந் திகதி, பேஸ்புக் நிறுவனத்தின் பராமரிப்பு வேலையொன்றில் இடப்பட்ட கட்டளை, அதன் தரவு நிலையங்களை இணைத்த நடுவலை முழுவதையும் துண்டித்தது. அத்தகு கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழையிருந்தது. பெயர்களை முகவரிகளாக்கும் சேவையகங்கள் உலகின் பார்வையினின்று மறைந்தன. பொறியியலாளர் வழக்கமாகப் பயன்படுத்திய கருவிகளும் அதே பெயர்ச்சேவையையே சார்ந்திருந்தமையால் அவையும் செயலற்றன; புறப்பாதையும் உதவவில்லை. இறுதியில் ஆட்களையே தரவு நிலையங்களுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. அங்குள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கடக்கவும் நேரஞ் சென்றது. ஏறக்குறைய 6 மணி நேரம் அச்சேவைகள் நின்றன. 2022 ஜூலை 8ஆந் திகதி கனடாவின் றொஜர்ஸ் வலையமைப்பு விழுந்தபோதும் நிகழ்ந்தது அஃதே. வடிகட்டியொன்றை நீக்கியதால் வழித்தகவல் வெள்ளமாகப் பெருகி நடு வழிப்படுத்திகளை மூழ்கடித்தது. முகாமை வலை அந்நடுவலையையே சார்ந்திருந்தது; ஊழியரின் கைத்தொலைபேசிகளும் அதே நிறுவனத்தினவே. 1 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் தொடர்பிழந்த வேளையில், திருத்த வேண்டியோரும் ஒருவரையொருவர் அழைக்க இயலாது நின்றனர்.

நம் மலைகளுக்கு இப்படிப்பினை அயலானதன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தாக்கியபோது, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்து உயிர்கள் மடிந்தன. பாதைகளும் தண்டவாளமும் தொடர்புகளும் ஒருங்கே அறுந்தன. ஆதலின், புறப்பாதை அமைக்க எண்ணுவார் அது மெய்யாகவே புறம்பானதோ என வினவுதல் வேண்டும். கைத்தொலைபேசி வலையின்வழி இயங்கும் மோடம் ஒன்றை ஆளியின் பணியகத் துறையோடு இணைத்துவிட்டாற் போதும் என்பர் சிலர். பள்ளத்தாக்கில் அலை எட்டுமா என்பது ஒருபுறமிருக்க, அக்கோபுரமும் அதே இழைவடத்தால் இணைக்கப்பட்டிருப்பின் இரண்டும் ஒருங்கே அறும். மோடத்துக்கும் ஆளிக்கும் ஒரே மின்செருகி எனின், மின்சாரம் போகையில் இரண்டும் ஒருங்கே அணையும். வழி வேறாயும், மின்சாரம் வேறாயும், உள்ளே புகுங் கடவுச்சொல் தலைமையகச் சேவையகத்தைச் சாராததாயும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் அமைந்த புறப்பாதை செலவு மிக்கது. சிறு தோட்டமொன்றுக்கு அது கட்டுப்படியாகாமை வெளிப்படை.

ஆனால் செலவு குறைந்த புறப்பாதை ஒன்று ஒவ்வொரு ஸ்டோரிலும் ஏற்கெனவே உள்ளது. அங்கு வேலை செய்யும் மின்வினைஞரும் காரியாலய எழுதுவினைஞருமே அப்பாதை. ஆளியின் முகப்பிலோ பின்புறத்திலோ பணியகத் துறையொன்று உண்டு. முகவரி, வாயில், வீலான் எதுவுமின்றி, ஒரு வடத்தின்வழியே ஆளியின் உட்கணினியோடு நேரே பேசுதற்குரியது அது. வெளிர்நீல நிறமுடைய தட்டையான வடத்தைப் பலர் கண்டிருப்பர். ஆளியோடு வந்து, பயன் தெரியாமையால் வீசப்படுவதும் அதுவே. மடிக்கணினியில் அதனைப் பொருத்தி, வேகத்தைச் செக்கனுக்கு 9600 பிட்டு என்று அமைத்தாற் பெரும்பாலான ஆளிகள் பேசும். வேகம் பிழைத்தாற் பொருளற்ற எழுத்துக்கள் திரையை நிரப்பும்.

தடை வடத்திலன்று, மொழியில் உள்ளது. கொழும்பிலிருப்பவர் தொலைபேசியில், "பெட்டியில விளக்கு எரியுதா?" என்பார். "எரியுதுங்க சேர்" என்பார் ஸ்டோரிலிருப்பவர். எரிவது மின்விளக்கோ, துறைவிளக்கோ, நடுவடத்தின் விளக்கோ என்பது இருவர்க்கும் தெளிவில்லை. அவர்க்கு அறிவில்லை என்று கொழும்பிலுள்ளோர் சலித்துக்கொள்வதுண்டு. பெரும் உலர்த்தி அடுப்பையும் கொழுந்து வாட்டும் விசிறிகளையும் ஒலிகேட்டே பழுதறியும் ஒருவரைப் பற்றி அவ்வாறு கூறுதல் நேர்மையன்று. பெட்டியின்மேல் ஒட்டியவையெல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்துக்கள். அவற்றின் பொருளை ஒருவரும் அவர்க்குத் தமிழிற் சொன்னதில்லை.

ஆகவே ஆளியைப் பொருத்தும் நாளிலேயே, பெட்டிக் கதவின் உட்புறத்தில் தமிழில் எழுதிய தாளொன்றை ஒட்டிவைத்தல் தகும். எந்த விளக்கு எதனைக் குறிக்கும், எந்தத் துறையில் எந்த வடம், ஆளியின் முகவரியும் மறைப்பெண்ணும் வாயிலும் யாவை, கடைசியாகச் சேமித்த திகதி எது என்பன அதில் இருத்தல் வேண்டும். கடவுச்சொல்லை அதில் எழுதலாகாது. அது முத்திரையிட்ட உறையொன்றில் காரியாலய இரும்புப் பெட்டியில் இருக்கலாம். நீல வடத்தைச் சுருட்டித் தாளுக்குக் கீழே தொங்கவிடுக. ஸ்டோரில் ஈரமும் தேயிலைத் தூளும் மிகுதி. தாளை நெகிழி உறையிலிட்டு ஒட்டுதல் நன்று.